நிழலுக்கு நிற்கும் வண்டி

செப்டம்பர் 22, ஞாயிறு

ரத்த அழுத்தம் நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார், கூடவே ஒரு நோட்டும் வாங்கச் சொன்னார். கோபம் வரும்போது ஆளைப் பார்த்துக் கத்தாமல் அதில் எழுத வேண்டுமாம். என் மனைவி செண்பகத்துக்கு ஒரே சந்தோஷம். சின்ன நோட்டு இவருக்கு ஒரு வாரத்துக்குக் காணாது என்று கடைக்காரரிடமே சொல்லி, இருநூறு பக்க நோட்டாக வாங்கி வந்துவிட்டாள்.

ஆகவே எழுதுகிறேன். பெயர் பிரம்மநாயகம், வயது நாற்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் நிவோரா மின்சாரக் கார் ஷோரூமில் சர்வீஸ் மேற்பார்வையாளர். பதினாறு வருடம் டீசல் கரியில் கிடந்தவன், இரண்டு வருடமாக வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போகிறேன். எங்கள் கம்பெனித் தலைவர் தேவாங் சாப்ரியா மட்டும் இல்லையென்றால் இந்தச் சட்டை எனக்குக் கிடைத்திருக்காது. அந்த மனிதர் வாயைத் திறந்தால் நாலு பேருக்கு வயிறு எரியும், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இன்றைய கோபம்: முக்கு ஆட்டோ ஸ்டாண்டில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒருவர், "அண்ணாச்சி, வண்டில சார்ஜ் இருக்கா, நாங்க நாலு பேரு தள்ள வரணுமா?" என்று கேட்டார். தினமும் யாராவது ஒருவர் கேட்கிறார்கள். பதில் சொல்லவில்லை. டாக்டர் இதைக் கவனிக்க வேண்டும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பன்னிரண்டு மணிக்குத் தளவாய் சாரும் அவர் மனைவி சங்கரவடிவு அம்மாவும் வந்தார்கள். சார் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைவரின் பேச்சுகளை மனப்பாடமாக ஒப்பிப்பார். ஊரே வேண்டாம் என்று சொன்னபோது பிடிவாதமாக எங்கள் காரை வாங்கியவர். அவருக்கு முழங்கால் சரியில்லாததால் அம்மாதான் ஓட்டுகிறார். ஐம்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தவர்.

நாலுவழிச் சாலையில் போகும்போது வண்டி தானாகவே பிரேக் போடுகிறது என்றார் அம்மா. சார் சிரித்துக்கொண்டே, இவளுக்குக் கால் எங்கே போகிறது என்று இவளுக்கே தெரியாது என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. புதிதாக ஓட்டக் கற்ற பெண்கள் பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுவதை எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறேன். வண்டியை மூன்றரைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஜாப் கார்டில் எழுதியது: ஓட்டுநர் பழக்கம். பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கப்பட்டது. குறை இல்லை.

பன்னிரண்டரைக்கு செண்பகம் போன் செய்துவிட்டாள், மிக்ஸி புகைகிறது என்று. அதைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய், ரிப்பேர் செய்யும் ஆள் சாப்பிட்டு வரும்வரை காத்திருந்து, திரும்பும்போது நாலேகால். தளவாய் சார் வண்டி போயிருந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

அம்மா இன்று தனியாக வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு தாள். வண்டி நின்ற இடம், நேரம், வெயிலா மேகமா என்று வரிசையாக எழுதியிருந்தார். நாலு தடவையும் சாயங்காலம், வெயில், பாலத்தின் அடியில்.

"பாலத்து நிழலு ரோட்டுல கறுப்பா விழுது பாத்தீங்களா தம்பி, அந்த இடத்துலதான் நிக்கு. அது நிழலப் பாத்து பயப்படுதுன்னு நினைக்கேன்."

சிரிப்பை அடக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். வண்டிக்குக் கேமரா இருக்கிறது, கணினி இருக்கிறது, நிழலுக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். டீ நேரத்தில் அதை எல்லாரிடமும் காட்டினேன். நிழலுக்கு நிற்கும் வண்டி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஜாப் கார்டு: வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்லப்பட்டது.

அக்டோபர் 5, சனி

நேற்று தலைவர் டிவியில் பேசினார். நிவோரா கார்கள் காரணமில்லாமல் நிற்பதாகப் பல ஊர்களிலிருந்து புகார் வருகிறதே என்று பேட்டி எடுத்த பெண் கேட்டார். ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாரும் பொறியாளர் ஆகிவிட்டார்கள் என்றார் தலைவர். சந்தேகம் இருப்பவர்கள் மாட்டு வண்டி வாங்கிக்கொள்ளட்டும், அதற்குப் பிரேக்கே கிடையாது என்றும் சொன்னார். நான் கை தட்டினேன். செண்பகம், உங்களுக்குச் சம்பளம் தருகிறவர் என்பதற்காகக் கையும் தட்ட வேண்டுமா என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போனாள்.

இன்று காலை மூன்று பேர் வந்து, பதிவு செய்த காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஷோரூம் முதலாளி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேட்டி கொடுத்தது நானா?

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

நாற்பத்தோரு வண்டிகள் வந்தன. வாடிக்கையாளர் எல்லாரையும் குடும்பத்தோடு வரச் சொல்லி, வண்டியைக் கழுவி, நாங்களே பூஜை போட்டு, பொரிகடலை கொடுத்து அனுப்புவது இந்த ஷோரூம் வழக்கம். எங்கள் வண்டியில் ஒரு சிக்கல். முகப்பின் நடுவில் கம்பெனி முத்திரை இருக்கிறது, அதற்குள் கடலை அளவில் ஒரு கேமரா. பார்க்கிறவர்களுக்கு அதுதான் வண்டியின் நெற்றி. சந்தனம் வைக்க எல்லாருக்கும் கை அங்கேதான் போகும். காலையிலேயே எல்லாரையும் கூப்பிட்டு, முத்திரையில் யாரும் பொட்டு வைக்கக் கூடாது, நம்பர் பிளேட்டில்தான் வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். பூசணிக்காய் உடைத்து முடிக்கும்போது இரண்டு மணி. தலைவலி.

தளவாய் சார் பட்டு வேட்டியில் வந்திருந்தார். டிவி பேட்டியைப் பற்றி ஒரே பேச்சு. அம்மா வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

நாலேமுக்கால் மணிக்குப் போன். தளவாய் சார் வண்டி, நாலுவழிச் சாலையில் பாலத்தருகே. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது சட்டென்று நின்றுவிட்டது. பின்னால் வந்த வேன் இடித்துவிட்டது. அம்மாவுக்கு நெற்றியில் தையல். பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த சாருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. மாத்திரை போட்டாயிற்று.

அக்டோபர் 17, வியாழன்

வண்டியை இழுத்து வந்துவிட்டார்கள். பின்பக்கம் அப்பளம். முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. முத்திரையின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

வண்டிக்குள் ஒரு பதிவுப் பெட்டி உண்டு. எப்போது பிரேக் விழுந்தது, பெடலை மிதித்தது மனிதரா, பிரேக் போட்டது வண்டியேவா என்று எல்லாம் அதில் இருக்கும். கணினியை இணைத்துப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் ஒரு தாளில் அச்சும் எடுத்துவிட்டேன். என்ன இருந்தது என்று இன்று எழுத மனமில்லை.

செண்பகம் ரசம் வைத்திருந்தாள். உப்பில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

பூனாவிலிருந்து தலைமை அலுவலகத்தின் கார்னிக் வந்தார். முப்பது வயது இருக்கும், மரியாதையான பையன். பெட்டியைக் கழற்றுமுன் அவரும் கணினியில் பார்த்தார். நான் பார்த்ததைத்தான் பார்த்தார். பிறகு வெளியே போய் முத்திரையை ஏழெட்டுப் படம் எடுத்தார்.

மாலை மூன்று மணிக்கு அறிக்கை தயாராக வந்தது. வாடிக்கையாளர் தாமாகவே கேமராவின் மேல் சந்தனம் பூசியதால் ஏற்பட்ட விபத்து என்று எழுதியிருந்தது. சர்வீஸ் மேற்பார்வையாளர் என்ற இடத்தில் என் பெயர். முதலாளி பேனாவை எடுத்துக் கொடுத்தார். இந்த ஷோரூமில் இருபத்திரண்டு குடும்பம் பிழைக்கிறது என்றார். அது உண்மைதான்.

போட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

தலைவர் இணையத்தில் எழுதிவிட்டார். சந்தனப் பொட்டோடு தளவாய் சார் வண்டியின் படம். "பக்திக்கு எங்களிடம் மரியாதை உண்டு. ஆனால் கண்ணில் சந்தனத்தை அப்பிவிட்டு, கார் குருடு என்று குறை சொல்லாதீர்கள்."

ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர், கம்பெனிக்காரன் வழக்கம்போல வாங்கினவர் தலையில் கட்டுகிறான், இவன் வண்டியை நம்பி ஏறக்கூடாது என்கிறார்கள். மீதிப் பேர் பொட்டு வைத்த பெண்ணைக் கேலி செய்கிறார்கள். ஓட்டியதும் பெண், பொட்டு வைத்ததும் பெண், அப்புறம் வண்டி என்ன செய்யும் என்று ஒருவன் எழுதியதற்கு நாலாயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் இப்படி எழுதுகிறவன்தான். இன்று படிக்க முடியவில்லை.

தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். ஏன் ஒன்றும் பேசவில்லை என்று செண்பகம் கேட்டாள். தொட்டிக்குள் இருந்துகொண்டு என்ன பேசுவது என்றேன்.

அக்டோபர் 23, புதன்

சங்கரவடிவு அம்மா வந்தார். வண்டிக்குள் விட்ட குடை, கண்ணாடிக் கூடு, சாருடைய மருந்துப் பை எல்லாம் எடுத்துப்போக. நெற்றியில் பிளாஸ்திரி. ஷோரூமில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு வேலை செய்வதுபோல் இருந்தார்கள்.

சாருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாராம். ஆனால் அம்மாவிடம் பேசுவதில்லையாம். சாப்ரியாவே சொல்லிவிட்டார், இனி நீ என்ன சொல்கிறாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். அதோடு சரி. தண்ணீர் வேண்டுமென்றால்கூட மகளுக்குப் போன் போட்டு, அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்கிறாளாம்.

"நாந்தான தம்பி பொட்டு வைக்கச் சொன்னேன். என் வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா அவுகளுக்கு இப்படி ஆயிருக்காது."

11ஆம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டிருக்கிறேன். நம்பர் பிளேட்டில் வைக்கப் போனபோது அம்மா சொன்னார், தாடையில் வைத்தால் அது பொட்டா, நெற்றியில் வையுங்கள் தம்பி என்று. நாற்பதாவது வண்டி. வெயில். பொட்டை வைத்தது நான்தான், இந்த விரல்தான். தாமாகவே பூசினார் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் இதே கைதான்.

போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "மொதத் தடவ நாங்க வந்தப்ப நீங்க ஓட்டிப் பாத்தீங்கள்லா? அப்ப நின்னுச்சா, நிக்கலியா?" ஜாப் கார்டில் எல்லாம் இருக்கிறதே அம்மா என்றேன். சரி தம்பி என்று குடையை விரித்துக்கொண்டு போனார். மழை இல்லை, வெயில்.

அக்டோபர் 25, வெள்ளி

மூன்றரைக்கு டெமோ வண்டியை எடுத்துக்கொண்டு நாலுவழிச் சாலைக்குப் போனேன். அதே மாடல், அதே வருடம். முத்திரையை நானே ஈரத்துணியால் துடைத்தேன். பொட்டு இல்லை, தூசி இல்லை. பின்னால் வண்டி எதுவும் வராத நேரமாகப் பார்த்து, வேகம் எழுபதில் தானாகவே நிற்கும்படி வைத்து ஓட்டினேன். முதல் பாலம், ஒன்றும் இல்லை. இரண்டாவது பாலம், ஒன்றும் இல்லை. மனதுக்குள் எவ்வளவு நிம்மதி. மூன்றாவது பாலத்தில் நிழல் சாலைக்குக் குறுக்கே கரிப்பட்டைபோல் கிடந்தது. கால் இரண்டையும் சீட்டுப் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

நின்றது. பெல்ட் நெஞ்சில் இறுக்கியது.

ஓரமாக நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவின் தாளில் மூன்றாவதாக எழுதியிருந்த இடம் இதுதான். கணினி, கேமரா என்று நான் பாடம் எடுத்தது அவருக்கு. சரியாகச் சொன்னவர் அவர்.

17ஆம் தேதி எழுதாமல் விட்டது: பெட்டி கடைசி மூன்று நிகழ்ச்சிகளைத்தான் வைத்திருக்கும், அந்த மூன்றும் பதிவில் இருந்தன. செப்டம்பர் 20, செப்டம்பர் 29, அக்டோபர் 16. மூன்றிலும் பிரேக் போட்டது வண்டி. பெடலில் கால் இல்லை. முதல் இரண்டும் ஆயுத பூஜைக்கு முன்னால்.

அக்டோபர் 28, திங்கள்

காலையில் ரத்த அழுத்தம் 170. டாக்டர் நோட்டில் எழுதுகிறீர்களா என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

செண்பகத்திடம் சொல்லிவிட்டேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னேன், முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது என்று. கேமரா, பெடல், பூனா, கையெழுத்து எல்லாம். அவள் சீயக்காய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு, வேலை போய்விடுமா என்று கேட்டாள். போகும் என்றேன். பதினாறு வருடம் கரிச் சட்டை துவைத்தவள்தானே நான், போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, எண்ணெய் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 2, சனி

கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று தலைமை அலுவலகத்துக்கும் விபத்தை விசாரிக்கும் அதிகாரிக்கும் கடிதம் அனுப்பிவிட்டேன். பதிவின் நகல், இரண்டு ஜாப் கார்டுகள், அம்மா எழுதிய தாள் எல்லாம் சேர்த்து. அந்தத் தாளை டீக் கறையோடு என் மேசை இழுப்பறையில்தான் கண்டுபிடித்தேன். வண்டி பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் கடிதத்தில் சொல்லிவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. நானும் கத்தவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

காலை பத்து மணிக்குத் தளவாய் சார் வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்தார். சாரைப் பார்க்க வேண்டும் என்றேன். உள்ளே காட்டிவிட்டு நிலைப்படி அருகிலேயே நின்றுகொண்டார்.

சார் கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைவருடைய புது மாடல் எப்போது வருகிறது என்று கேட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே பதிவை அச்செடுத்த தாளைக் கையில் கொடுத்துச் சொன்னேன். பொட்டுக்கு முன்னாலேயே இரண்டு தடவை நின்றது, பொட்டு இல்லாத வண்டியும் நிற்கிறது, பொட்டு வைத்ததும் நான், பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் நான்.

நான் வேலை போன கோபத்தில் சொல்கிறேன் என்று முதலில் சந்தேகப்பட்டார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மின்வாரியத்துக் கண். ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் படித்தார். பெடல் என்று இருக்கும் கட்டத்தில் பூஜ்யம் என்றால் என்ன பொருள் என்று கேட்டார்.

"கால் படலைன்னு அர்த்தம் சார். மூணு தடவையும் படல."

இரண்டாம் முறையும் படித்தார். தாளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, இரண்டு வாரத்துக்கப்புறம் மனைவியின் பெயரைச் சொன்னார்.

"வடிவு, ஒன் கால் பிரேக்குல இல்லியாம்."

"அதத்தான நானும் சொன்னேன்."

"நீ வாயால சொன்ன. இவரு கணக்கா எழுதிக் காட்டுதாரு."

அம்மா அடுக்களைக்குப் போய் இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்தார். சாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சார் வாங்கும்போது அவர் கையைப் பிடிக்கப் பார்த்தார். அம்மா டம்ளரைக் கட்டிலோரம் வைத்துவிட்டு விலகிக்கொண்டார். எனக்குத் தந்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது அம்மா பின்னால் வந்து நின்றார்.

"அவுககிட்ட எல்லாம் சொல்லிட்டீங்க. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே தம்பி."

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. இந்த அம்மாவுக்காகத்தான் வேலையை விட்டேன் என்று வழியெல்லாம் பெருமையாக நினைத்துக்கொண்டு வந்தவன், வீட்டுக்குள் நுழைந்ததும் ஆணிடம் போய் ஒப்பித்திருக்கிறேன். அவரை நிலைப்படியில் நிறுத்திவைத்துவிட்டு. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கடிதத்தில் எழுதவில்லை, செண்பகத்திடம் சொல்லவில்லை, இத்தனை பக்கம் எழுதிய இந்த நோட்டிலும் எழுதவில்லை.

"நான் அன்னைக்கு வண்டிய ஓட்டிப் பாக்கவே இல்லம்மா."

அம்மா கேட்டுக்கொண்டார். கோபமாகவும் இல்லை, ஆச்சரியமாகவும் இல்லை.

"தெரியும் தம்பி," என்றார். "வண்டிய எடுக்கையில பாத்தேன். கிலோமீட்டர் ஏறவே இல்ல."